மூன்று ஏட்டில் ஒரே கணக்கு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கணினியைப் பற்றிய ஒரு செய்தி. கணினி என்றதும், "இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று எழுந்து போய்விட வேண்டாம். செக்ரோல் என்றால் என்னவென்று தெரிந்த எவருக்கும் இன்றைய பேச்சு விளங்கும். உங்கள் வீட்டிலே பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ கணினி படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் பெயர் போடுகிற முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் மண்டோர் தம்முடைய சிறிய ஏட்டில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வார். பிறகு அதே பெயர் ஆபீசிலே கிராணியாரின் செக்ரோலில் ஏறும். மேல்வேலைக்கென்று தனியாக ஓர் ஏடு இருந்தால், அதிலும் அதே பெயர் இருக்கும். ஓர் அம்மாவுக்கு இந்த மாதம் முதல் நாட்கூலி உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராணியார் செக்ரோலில் புதிய கூலியை எழுதிவிட்டார். மேல்வேலை ஏட்டில் பழைய கூலியே நின்றுவிட்டது. சம்பள நாள் வருகிறது. அந்த அம்மா காசை எண்ணிப் பார்க்கிறார், குறைகிறது. அவரை யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரே கணக்கு இரண்டு மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. ஓர் இடத்தில் திருத்தினார்கள். மற்றோர் இடத்தில் மறந்துவிட்டார்கள். குறைந்துபோனதோ ஒரு குடும்பத்தின் அரிசிப் பணம்.

இதே நோய் கணினிக்குள்ளும் உண்டு. கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் வரிசைக்கு நிரல் என்று பெயர். ஒரே வேலைக்கான கட்டளைகளை ஒரு நிரலில் இரண்டு மூன்று இடங்களில் எழுதி வைத்தால், அதை இரட்டிப்பு நிரல் என்கிறோம். அந்த இரட்டிப்பு எப்படி உண்டாகிறது, அதனால் என்ன கெடுதி, அதை எப்படிப் பதறாமல் சீர்செய்வது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது, கணினியை வலைப்பின்னலோடு இணைத்து வைக்கும் டிரைவர் என்னும் நிரலை.

டிரைவர் என்றதும் லாரி டிரைவர்தான் நம் நினைவுக்கு வருவார். அந்த நினைப்பு தவறில்லை. ஒரு லாரிக்கு கியர் எங்கே, பிரேக் எவ்வளவு மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த லாரியை ஓட்டுகிறவருக்குத் தெரியும். தோட்டத்துத் துரை அவரிடம், "பாலை மில்லுக்குக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னால் போதும். கணினியிலும் அப்படித்தான். கணினி முழுவதையும் ஆளுகின்ற தலைமை நிரல் ஒன்று உண்டு. அதற்கு இயங்குதளம் என்று பெயர். அந்தத் தலைமை நிரல், "இந்தச் செய்தியை அனுப்பு" என்று சொல்லும். எந்தச் சில்லில், எந்த இடத்தில், எந்த எண்ணை எழுதினால் அந்தச் செய்தி வெளியே போகும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். சில்லு மாறினால் டிரைவரும் மாற வேண்டும்.

இயங்குதளங்களில் ஒன்று லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ல் அதை எழுதத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் அதற்கு எழுதுகிறார்கள். எழுதியதை யாரும் படித்துப் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. நீங்கள் வைத்திருப்பது ஆண்டிராய்டு கைப்பேசியாக இருந்தால், அதன் அடியில் ஓடிக்கொண்டிருப்பதும் லினக்ஸின் மையப் பகுதிதான். அந்த மையப் பகுதியின் நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்களே. ஆகவே நாம் பேசுவது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் பொருளைப் பற்றியல்ல.

இனி, வலைப்பின்னல் டிரைவர் செய்யும் வேலையைப் பார்ப்போம். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி ஒரே மூட்டையாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் போகிறது. ஈத்தர்நெட் என்னும் கம்பி முறையில் ஒரு பொட்டலத்துக்குள் வழக்கமாக 1500 பைட் வரை செய்தி அடங்கும். ஒவ்வொரு வலைப்பின்னல் சில்லுக்கும் ஒரு சொந்த முகவரி உண்டு. தன் முகவரிக்கு வந்த பொட்டலத்தைச் சில்லு எடுத்துக்கொள்ளும்; மற்றவர் முகவரிக்கு வந்ததை விட்டுவிடும்.

கணினியைப் போட்டவுடன் இந்தச் சில்லுக்கு ஒன்றும் தெரியாது. டிரைவர்தான் அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலாவது, பழைய நினைவெல்லாம் போகும்படி அதைத் துடைத்து எழுப்ப வேண்டும். இரண்டாவது, அதன் சொந்த முகவரியை எழுத வேண்டும். மூன்றாவது, வரும் பொட்டலங்களை நினைவகத்தில் எங்கே இறக்குவது என்று காட்ட வேண்டும். நான்காவது, போகும் பொட்டலங்களை எங்கிருந்து எடுப்பது என்று காட்ட வேண்டும். ஐந்தாவது, எந்தப் பொட்டலத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதியைக் கொடுக்க வேண்டும். ஆறாவது, கம்பியின் மறுமுனையோடு பேசி வேகத்தை முடிவு செய்யச் சொல்ல வேண்டும். ஏழாவதாக, எல்லாம் ஆயத்தமான பிறகு, "பொட்டலம் வந்தால் மணியடித்துக் கூப்பிடு" என்று அனுமதி கொடுக்க வேண்டும். சில்லுக்குச் சில்லு வரிசை சற்று மாறலாம்; ஆனால் இந்த மணி அனுமதி கடைசியில் வருவதே பாதுகாப்பு. வீடு கூட்டுமுன் விருந்தாளியை அழைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த ஏழு வேலையும் மூன்று சமயங்களில் தேவைப்படுகின்றன. கணினி முதன்முதலில் வலைப்பின்னலைத் தொடங்கும்போது ஒருமுறை. மடிக்கணினியை மூடி வைத்து, உறங்கவிட்டுப் பிறகு திறக்கும்போது இன்னொரு முறை. ஏனென்றால் உறக்கத்தில் மின்சாரம் நின்றுபோய், சில்லு கற்றதையெல்லாம் மறந்திருக்கும். மூன்றாவது, ஏதோ காரணத்தால் சில்லு திக்குமுக்காடி, அனுப்பச் சொன்ன பொட்டலத்தை அனுப்பாமல் நின்றுவிடும்போது. அப்போதும் அதைத் துடைத்து எழுப்பி, மறுபடி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டிரைவரை எழுதுகிறவர் என்ன செய்கிறார்? தொடங்கும் இடத்தில் இந்த வேலைகளுக்கு நிரல் எழுதுகிறார். நன்றாக ஓடுகிறது. சில மாதம் கழித்து, உறங்கி எழும் இடத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. முன்பு எழுதியதை அப்படியே படியெடுத்து இங்கே ஒட்டுகிறார். வேலை சீக்கிரம் முடிகிறது. பிறகு வேறொருவர் வந்து, சில்லு திக்குமுக்காடும் இடத்துக்கு அதையே மூன்றாம் முறை படியெடுக்கிறார். அன்றைக்கு மூன்று படியும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் சோம்பேறிகள் என்று நாம் சொல்லிவிட முடியாது. அன்றைய தேவைக்கு அது சரியான வழியாகவே அவர்களுக்குத் தோன்றியது.

கெடுதி பிறகு வருகிறது. சில்லு செய்யும் தொழிற்சாலை, அதே சில்லில் ஒரு புதிய வகையை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சில்லு தன் முகவரியைத் தானே படித்துக்கொள்ளும். அதனால் முதல் நிரலில் அந்த வேலை விட்டுப்போயிருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. புதிய சில்லுக்கோ முகவரியை டிரைவர்தான் எழுதித் தர வேண்டும். ஒருவர் அதைக் கண்டுபிடித்து, தொடங்கும் இடத்தில் அந்த வரியைச் சேர்க்கிறார். தம் மேசையில் சோதித்துப் பார்க்கிறார். சரியாக வேலை செய்கிறது. மற்ற இரண்டு படிகள் இருப்பதை அவர் நினைக்கவில்லை.

அந்தக் கணினி ஒரு மாணவியின் கையில் இருக்கிறது. காலையில் போட்டால் வேலை செய்கிறது. மதியம் சாப்பிடுவதற்காக மூடி வைத்துவிட்டு, மீண்டும் திறக்கிறாள். வலைப்பின்னல் விளக்கு எரிகிறது. அவள் அனுப்புவது வெளியே போகிறது. பதில் திரும்பி வரும்போது, "இந்த முகவரி என்னுடையது அல்லவே" என்று சில்லே அதைத் தள்ளிவிடுகிறது. அன்றைக்குக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்க்கிறாள். தொலைபேசி நிலையத்தாரின் கோளாறு என்று நினைக்கிறாள். கடையில் கொடுத்தால், அங்கே புதிதாகப் போடும்போது நன்றாக வேலை செய்கிறது. "ஒரு பழுதும் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பாவம், அந்தப் பெண் எங்கே போய்த் தேடுவாள்? மேல்வேலை ஏட்டில் நின்றுபோன பழைய கூலியும் இந்தப் பிழையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இது நாம் கற்பனையாகச் சொல்லும் பயம் மட்டுமா? ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2001-ல் லினக்ஸ் நிரலைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மையப் பகுதியின் மற்ற இடங்களைவிட டிரைவர்களில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. 2004-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் படியெடுத்து ஒட்டிய நிரலைத் தேடுவதற்கென்றே சிபி-மைனர் என்று ஒரு கருவி செய்தார்கள். அது 20 நிமிடத்துக்குள் லினக்ஸில் 1,90,000 துண்டுகளையும், ஃபிரீபிஎஸ்டி என்னும் மற்றோர் இயங்குதளத்தில் 1,50,000 துண்டுகளையும் கண்டுபிடித்துக் காட்டியது. படியெடுத்ததால் நேர்ந்த பிழைகள் மட்டும் லினக்ஸில் 28, ஃபிரீபிஎஸ்டியில் 23. அவற்றில் பெரும்பாலானவை அதுவரை யாரும் எடுத்துச் சொல்லாதவை.

அப்படிப்பட்ட பிழைகளில் ஒரு வகையை உங்களுக்குச் சொன்னால் சிரிப்பு வரும். மூத்த மகளின் திருமணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு இளைய மகளுக்குப் பத்திரிகை எழுதுகிறோம். மேலே பெயரை மாற்றிவிட்டோம், மாப்பிள்ளை பெயரையும் மாற்றிவிட்டோம். கீழே ஒரே ஓர் இடத்தில் மூத்தவள் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் தெரிகிறது. நிரல் எழுதுவோரும் இப்படித்தான், படியெடுத்த துண்டில் ஐந்து இடத்தில் பெயரை மாற்றி, ஆறாவது இடத்தில் விட்டுவிடுகிறார்கள். கணினி சிரிப்பதில்லை, தவறான எண்ணை எடுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, இதற்கு மருந்து என்ன? ஒரே வேலையை ஒரே இடத்தில் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, தேவைப்படும் இடங்களில் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதுதான். நம்முடைய உதாரணத்தில், சில்லுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏழு வேலைகளையும் "சில்லை ஆயத்தம் செய்" என்ற ஒரு பெயரின் கீழ் எழுதிவிட்டால், மூன்று சமயங்களிலும் அந்த ஒன்றையே அழைக்கலாம். நாளை ஒரு வரியைத் திருத்தினால் மூன்று இடத்துக்கும் அது திருத்தம் ஆகிவிடும்.

லினக்ஸில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், நேஷனல் செமிகண்டக்டர் என்ற கம்பெனியின் 8390 வகைச் சில்லை வைத்துப் பல கம்பெனிகள் வலைப்பின்னல் அட்டைகள் செய்து விற்றன. நோவெல் கம்பெனியின் என்இ2000 அட்டையும், வெஸ்டர்ன் டிஜிட்டல், திரீகாம் கம்பெனிகளின் சில அட்டைகளும் அந்த இனத்தவை. சில்லு ஒன்றுதான், ஆனால் கணினியின் நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே பொட்டலத்தைக் கொண்டு போகும் வழி அட்டைக்கு அட்டை வேறு. அந்த நாளில் லினக்ஸுக்குப் பல ஈத்தர்நெட் டிரைவர்களை எழுதியவர் டொனால்ட் பெக்கர் என்பவர். அவர் அட்டைக்கு ஒன்றாக முழு டிரைவரையும் திரும்பத் திரும்ப எழுதவில்லை. 8390 சில்லுக்குப் பொதுவான வேலைகளை ஒரு கோப்பில் வைத்தார். "சில்லைத் துடைத்து எழுப்புவது எப்படி, பொட்டலத்தை உள்ளே எடுப்பது எப்படி, வெளியே கொடுப்பது எப்படி" என்று அட்டைக்கு அட்டை மாறும் சில வேலைகளை மட்டும் அந்தந்த அட்டையின் சிறிய கோப்பில் வைத்தார். பொதுக் கோப்பு தனக்கு வேண்டியபோது அந்தச் சிறிய வேலைகளை அழைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்கிறோம். கம்பியின் மறுமுனையோடு வேகத்தைப் பேசி முடிவு செய்வதற்கென்று, வலைப்பின்னல் சாதனங்களில் தனியாக ஒரு பகுதி உண்டு. அதைச் சுருக்கமாகப் பிஎச்ஒய் என்பார்கள். இதன் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒரே தர முறையைப் பின்பற்றியது. அப்படியிருந்தும், பல டிரைவர்கள் இதை நடத்துவதற்குத் தத்தம் சொந்த நிரலை வைத்துக்கொண்டிருந்தன. பத்து வீட்டில் பத்து அம்மிக்கல் இருந்தால் தவறில்லை. பத்து வீட்டுக்காரரும் அம்மி கொத்தத் தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தால் அது வீண் பாடுதானே? 2005-ல் இந்த வேலைக்கெல்லாம் பொதுவாக லினக்ஸில் ஒரு நிரல் தொகுதி சேர்ந்தது. அதன் பெயர் பிஎச்ஒய்-லிப். அதன் பிறகு புதிய டிரைவர் எழுதுகிறவர்கள் அந்தப் பகுதியை மறுபடி எழுதாமல் அதையே பயன்படுத்திக்கொள்ள முடிந்தது.

நேயர்களே, "மருந்து தெரிந்துவிட்டது, உடனே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவோம்" என்று பாயக்கூடாது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இளைஞர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஆகவே முறையை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, படிகளை அருகருகே வைத்து வரி வரியாகப் படிக்க வேண்டும். எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு வேறுபாட்டையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது வேண்டுமென்றே எழுதிய வேறுபாடா, மறதியால் வந்த வேறுபாடா? நம் உதாரணத்தில், முகவரி எழுதும் வரி இரண்டு இடத்தில் இல்லாதது மறதி. ஆனால் வேறொன்றைப் பாருங்கள். தொடங்கும் இடத்தில் பொட்டலங்களை இறக்குவதற்கான நினைவிடத்தைக் கேட்டு வாங்கும் வரி இருக்கிறது. உறங்கி எழும் இடத்தில் அது இல்லை. இது மறதியல்ல. உறங்கப் போகுமுன் வாங்கிய இடம் அப்படியே இருக்கிறது. தெரியாமல் அதையும் பொதுவில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறை எழும்போதும் புதிய இடம் வாங்கி, பழையதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டுவிடுவோம். நாளடைவில் கணினியின் நினைவகம் கசிந்து தீர்ந்துபோகும்.

மூன்றாவது சமயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சில்லு திக்குமுக்காடியதை லினக்ஸ் கண்டுபிடித்துச் சொல்லும் அந்த நொடி, காத்திருக்கவே கூடாத நொடி. சில்லைத் துடைத்து எழுப்பவோ சற்றுக் காத்திருக்க வேண்டும். ஆகையால் அனுபவமுள்ளவர்கள் அந்த நொடியிலேயே வேலையைத் தொடங்குவதில்லை. "இந்த வேலை பாக்கி இருக்கிறது" என்று குறித்து வைத்துவிட்டு, காத்திருக்க அனுமதியுள்ள வேறோர் இடத்தில் அதைச் செய்கிறார்கள். வேலை ஒன்றேயானாலும், அதை எந்த நிலைமையில் நின்றுகொண்டு செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

இரண்டாவது முறை, பிழையைத் திருத்துவதையும் நிரலைச் சீராக்குவதையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. முதலில் விட்டுப்போன வரியை மட்டும் சேர்த்து, சிறிய திருத்தமாக அனுப்ப வேண்டும். அது அவசரமாக மக்கள் கைக்குப் போக வேண்டியது. சீராக்கும் வேலை அதற்குப் பிறகு வரட்டும். லினக்ஸின் வலைப்பின்னல் பகுதியைப் பார்த்துக்கொள்வோர் இதற்கென்றே இரண்டு தனித் தொகுப்புகள் வைத்திருக்கிறார்கள். திருத்தங்கள் ஒன்றில் சேரும். புதிய வேலைகளும் சீரமைப்பும் மற்றொன்றில் சேரும்.

மூன்றாவது, ஓரடிக்கு ஓரடியாக நடக்க வேண்டும். ஏழு வேலையில் முதலில் இரண்டை மட்டும் பொது இடத்துக்குக் கொண்டுபோய், டிரைவர் முன்போலவே நடக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்ததை எடுக்க வேண்டும். பிற்பாடு ஏதாவது கெட்டுப்போனால், எந்த அடியில் கெட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க இது வசதி. ஒரே நாளில் ஆயிரம் வரியைப் புரட்டிவிட்டால், பிழை எங்கே நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான்காவது, உண்மையான சாதனத்தில் சோதிக்க வேண்டும். கணினியை உறங்கவிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்க்க வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சில்லைத் துடைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும். சாதனம் கையில் இல்லாதவர், அழகுக்காக மட்டும் பழைய டிரைவரைத் திருத்த முன்வந்தால், லினக்ஸ் வலைப்பின்னல் பகுதியினர் அதை ஊக்குவிப்பதில்லை. வேறொரு தேவையான வேலையின் பகுதியாக அந்தச் சீரமைப்பு வந்தால்தான் நல்லது என்கிறார்கள். சோதிக்க முடியாத திருத்தம், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடக்கூடும் அல்லவா?

ஐந்தாவதாக, பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதை மறக்கக்கூடாது. இதற்கும் உண்மையான ஓர் உதாரணம் இருக்கிறது. இன்டெல் கம்பெனியின் கிகாபிட் வேகச் சில்லுகளுக்கு லினக்ஸில் இ1000 என்று ஒரு டிரைவர் இருந்தது. ஆண்டுகள் போகப் போகப் புதிய சில்லுகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் அந்த ஒரே டிரைவருக்குள் ஏறின. "இந்தச் சில்லாக இருந்தால் இப்படி, அந்தச் சில்லாக இருந்தால் அப்படி" என்ற விதிகள் பெருகின. புதிய சில்லுக்காக ஒரு வரியைத் தொட்டால் பழைய சில்லுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்ச வேண்டியதாயிற்று. கடைசியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் புதிய இணைப்பு முறையைச் சேர்ந்த சில்லுகளுக்கென்று இ1000இ என்று தனி டிரைவர் பிரிந்தது. 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 பதிப்பில் அது இடம்பெற்றது.

இது நம் வீடுகளில் நடப்பதைப் போன்றதுதான். கூட்டுக் குடும்பமாக ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவது சிக்கனம். ஆனால் ஒருவர் அதிகாலைப் பால்வெட்டுக்குப் போகிறார், ஒருவர் இரவு வேலைக்குத் தொழிற்சாலை போகிறார், ஒருவருக்கு உப்பே ஆகாது என்றால், ஒரே பானையை வைத்துக்கொண்டு தினமும் சண்டை போடுவதைவிட, தனிக்குடித்தனம் போவது அன்பைக் காப்பாற்றும். அப்படிப் பிரிந்த இ1000இ டிரைவரும் தனக்குள் ஒழுங்கில்லாமல் இல்லை. பொதுவானவற்றை ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்கும் உரியதைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டது.

அப்படியானால் சேர்ப்பதா, பிரிப்பதா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது? ஒரு கேள்வி போதும். நாளை இந்த இடத்தில் ஒரு திருத்தம் வந்தால், அந்த இடத்திலும் அதே திருத்தம் கட்டாயம் வர வேண்டுமா? "ஆம்" என்றால் அவை இரண்டும் ஒரே கணக்கு. ஓர் ஏட்டில் எழுதுங்கள். "இல்லை, அதன் வழி வேறு, இதன் வழி வேறு" என்றால், இன்றைக்கு எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருந்தாலும் தனித்தனியே இருக்கட்டும். ஒரு தோட்டத்தில் இரண்டு பேருக்கு முனியம்மா என்ற பெயர் இருந்தால், கிராணியார் இருவரையும் ஒரே வரியில் எழுதிவிட முடியுமா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணினி படித்துவிட்டு வேலைக்குப் போனால், புதிதாக ஒன்றை உண்டாக்கும் வேலைதான் கிடைக்கும் என்று நினைத்திருப்பான். பெரும்பாலும் முதலில் கையில் வருவது, வேறு யாரோ எழுதி வைத்த பழைய நிரலைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். "அம்மா, இன்று முழுவதும் இருநூறு வரியைப் படித்து, நூறு வரியை எடுத்துவிட்டேன்" என்று வந்து சொன்னால், "அட, ஒன்றும் எழுதவில்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். மூன்று ஏட்டில் இருந்த கணக்கை அவன் ஓர் ஏட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். எங்கோ முகம் தெரியாத ஒரு பிள்ளை மடிக்கணினியைத் திறக்கும்போது, அதன் விண்ணப்பம் போய்ச் சேர இந்த வேலை உதவும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு முன் எழுதியவர் மூன்று முறை படியெடுத்து வைத்திருந்தால் அவரை ஏளனம் செய்யாதீர்கள். அவருக்கு எத்தனை நாள் தவணை கொடுத்தார்களோ, கையில் எந்தச் சில்லு இருந்ததோ, நமக்குத் தெரியாது. மறதியா, காரணமா என்று ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். காரணம் இருந்தால் அதை அடுத்தவருக்கு விளங்கும்படி பக்கத்தில் எழுதி வையுங்கள். மறதி என்றால் திருத்திவிட்டு, என்ன திருத்தினீர்கள், ஏன் திருத்தினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். நாளை உங்கள் இடத்தில் வந்து உட்காரும் பிள்ளையும் ஏதாவது ஒரு தோட்டத்துப் பிள்ளையாக இருக்கலாம்.

இன்று வீட்டிலும் இதைப் பழகிப் பார்க்கலாம். கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பள்ளிச் செலவு என்று ஒரே தொகையை எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். எது உண்மைக் கணக்கு என்று ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் "அந்த ஏட்டைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதிவிடுங்கள். நிரல் எழுதுவோர் செய்வதும் இதுதான்.